திரும்பி வரவேண்டிய காட்சி

ரொறன்ரோ விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் பெயர் எழுதிய அட்டை எதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்து கையில் இருந்த பெட்டியைப் பறித்துக்கொண்டார். எப்படி என்னைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"சரியாக் களைச்ச முகத்தோடை ஒருத்தர் வருவார், அவர்தான் ஆள் எண்டு ஒஸ்லோவிலை இருந்து சொன்னவை," என்றார்.

இவர் சிவபாதம். வீடு வாங்கி விற்கும் ஏஜன்ற். ரொறன்ரோவின் கிழக்கே, தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு நாடக மன்றத்துக்குத் தலைவர். இடுப்பில் செருகியிருந்த பேஜர் ஓயாமல் துடித்தது. நெடுஞ்சாலையில் கார் பறந்துகொண்டிருக்கும்போதே அதைக் கழற்றி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "ஆரோ வீடு பாக்க நிக்கினம் போலை" என்பார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெளியே பார்த்தேன். பனி, பனிக்குள் கட்டிடங்கள், மறுபடியும் பனி. இதைப் பார்க்கவா ஒஸ்லோவை விட்டு வந்தேன் என்று இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் நூறு வருடத்துக்கு மேல் பழைய நாடகம் ஒன்று இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கணவன் நோயில் கிடந்தபோது, அவனைப் பிழைக்கவைக்க மனைவி அவனுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிடுகிறாள். சட்டப்படி பிழையான காரியம். பல வருடம் கழித்து அது வெளியே வருகிறது. எனக்காக அல்லவா செய்தாள் என்று அவன் தன் பக்கம் நிற்பான் என்று அவள் நம்பியிருக்கிறாள். அவனோ தன் பெயர் கெட்டதென்று குதிக்கிறான். ஆபத்து விலகியதும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறான். அப்போதுதான் அவள் அவனை ஒரு கதிரையில் உட்காரவைத்து, கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவனோடு கதைக்கிறாள். கதைத்து முடித்துவிட்டு வீடு, பிள்ளைகள், அவன், எல்லாவற்றையும் விட்டுப் போகிறாள். கதவு சாத்தப்படும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது.

நோர்வேயின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில், மொழி படிக்கவென்று இதைக் கையில் எடுத்தேன். மீன் வெட்டிவிட்டு வந்து வாசிப்பேன். வாசித்ததைத் தமிழில் எழுதிப் பார்ப்பேன். வெயில் என்பதே இல்லாத குளிர்காலம். வேறு என்ன செய்வது? பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அதை மேடையில் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன். பழைய காலத்து உடுப்போடு ஒன்று. இன்றைய சமையலறையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று சண்டைபிடித்தது ஒன்று. இன்னொன்றில் கதவே வைக்கவில்லை, அவள் எங்கள் நடுவால் நடந்து போனாள். எப்படிப் போட்டாலும் அவள் போய்விடுவாள். அதில் மட்டும் ஒருவரும் கை வைப்பதில்லை.

என் தமிழ்ப் பிரதி கைமாறிக் கைமாறி எப்படியோ சிவபாதத்திடம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேடையேற்றம், நீங்கள் வந்து நின்று திருத்தித் தாருங்கள் என்று டெலிபோனில் கெஞ்சியிருந்தார். பாதி வழியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். அவ கடைசியிலை திரும்பி வந்தா என்ன?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நித்திரை வருது, நாளைக்குக் கதைப்பம்," என்றேன். நித்திரை வரவில்லை.

என்னைத் தங்கவைத்தது அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில். நாடகத்தில் கணவனாக நடிக்கும் யோகனும் மனைவியாக நடிக்கும் நளாயினியும் அங்கே இருக்கிறார்கள். உண்மையிலும் அவர்கள் கணவன் மனைவிதான். அது தற்செயல் இல்லை, மன்றத்தின் சட்டம். மேடையில் கணவன் மனைவியாக வருகிறவர்கள் வீட்டிலும் அப்படியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சனம் கதை கட்டும் என்றார் சிவபாதம். கலியாணம் கட்டாத ஒருவனும் அந்த மன்றத்தில் கணவன் வேடத்துக்கு வர ஏலாது. வில்லன் வேடம்தான்.

வீட்டைவிட்டுப் போகிறவளின் பெயர் நளாயினி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனைக் கூடையில் வைத்துச் சுமந்தவளின் பெயர். அவளுக்கும் ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கியது.

"என்ன செய்யிறது அண்ணை, அப்பா வைச்ச பேர்," என்றாள். "இவரைச் சுமக்க ஏலாது. கிலோ கூடிப்போச்சு."

யோகன் அதைக் கேட்க அங்கே இல்லை. அவன் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. அவள் காரின் உதிரிப் பாகங்கள் பூட்டும் இடத்தில் பகல் வேலை. அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டு நிற்பாள். கலியாணம் முடிந்து நாலு வருடமாம். அன்று மாலை அவள் குரக்கன் புட்டும் நண்டுக் கறியும் வைத்துத் தந்தாள். நோர்வேயில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதை அவித்து உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு நல்லாயிருக்கா என்று கேட்பார்கள். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். களைப்புக் கொஞ்சம் விட்டதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் யோகன் நித்திரை. குறட்டைச் சத்தத்தில் இருக்க முடியாமல், நகரத்தை ஒட்டிய அந்தப் பெரிய ஏரியையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று வெளிக்கிட்டேன். ஒரு பஸ், ஃபின்ச் ஸ்ரேசனில் இறங்கினால் பிறகு நிலத்துக்குக் கீழே ரயில் என்று நளாயினி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஸ்ரேசனில் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. பிறகு ரயிலுக்குப் பதிலாக இன்னொரு பஸ்ஸில் ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. சூடாக இருந்தது, இருக்க இடம் இருந்தது, ஏறிவிட்டேன்.

எனக்குப் பின்னால் இரண்டு வயதான பெண்கள், கரீபியன் தீவுக்காரர் போலும், ஆங்கிலத்தில் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"மருமகன் எப்படி?"

"நல்லவன். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான்."

"பிறகென்ன?"

"வீட்டில் இருக்கிறானா இல்லையா என்றுதான் என் பெண்ணுக்குத் தெரியவில்லை."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

சாரதி தோளில் தட்டி எழுப்பியபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை. கடைசித் தரிப்பிடம். ரெக்ஸ்டேல் என்றார். ஏரி எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நகரத்தின் மற்றப் பக்கத்தைக் கையால் காட்டினார்.

தரிப்பிடத்தில் ஒரு தமிழர் நின்றார். பார்த்ததும் சிரித்தேன். ஒஸ்லோவில் தெருவில் தமிழ் முகம் கண்டால் சிரிக்காமல் போகமாட்டோம். சிரித்தால் ஊர் கேட்போம், ஊர் சொன்னால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம். ஸ்காபரோவில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் பத்துத் தமிழர் நின்றாலும் பத்துப் பேரும் பனியைத்தான் பார்க்கிறார்கள். இவரும் பனியைப் பார்த்தார். பிறகு பொறுக்க மாட்டாமல் கிட்ட வந்தார்.

"அண்ணை, ஏன் சிரிச்சனீங்கள்? என்னைத் தெரியுமோ?"

தெரியாது, நோர்வேயிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி. எந்த பஸ் எடுக்கவேண்டும் என்று சொல்லித் தந்தார். என்ன விசயமாக வந்தீர்கள் என்று கேட்டார். நாடகத்தைச் சொன்னேன்.

"ஓ, உது தெரியும். யோகன் எண்ட குடிகாரன் நடிக்கிற நாடகம்தானே? பாவம் அந்தப் பெட்டை, எப்பிடித்தான் அவனோடை இருக்கிறாளோ."

யோகன் கோக் கூட எப்போதாவதுதான் குடிப்பான் என்று நளாயினி முதல்நாள்தான் சொல்லியிருந்தாள். என்ன இது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். ஏரியை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

அன்று மாலை ஒத்திகை. இங்கே அடுக்குமாடிகளில் பிறந்தநாள் கொண்டாட வாடகைக்கு விடும் 'பாட்டி ரூம்' என்று ஒன்று கீழே இருக்கும். அதில்தான் ரொறன்ரோத் தமிழரின் நாடகக் கலை முழுவதும் வளர்கிறது. சுவரில் யாருடையதோ முதலாவது பிறந்தநாள் பலூன்கள் வாடித் தொங்கின. அவற்றின் கீழே நளாயினி வேலைச் சப்பாத்தோடு நின்று வசனம் பேசினாள். அடேயப்பா! எழுதிய எனக்கே அந்த வசனங்கள் புதிதாகக் கேட்டன. யோகனும் சோடையில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்தால் அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

திருத்தங்கள் பல நடந்திருந்தன. மனைவி ஒளித்துவைத்துத் தின்னும் இனிப்பு, தொதலாகியிருந்தது. அது எனக்கும் பிடித்துக்கொண்டது. நடுவில் அவள் பதற்றத்தோடு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பதில் ஒரு நடன ரீச்சரின் மாணவிகள் எல்லோரும் வந்து ஆடுவார்களாம்.

"மனிசியின்ரை மனநிலையை அவை எல்லாரும் சேந்து காட்டுவினம், ஐயா," என்றார் சிவபாதம். "பிள்ளையள் ஆடினாத்தான் தாய் தேப்பன் வருவினம். தாய் தேப்பன் வந்தாத்தான் ஹோல் நிறையும்."

அதை விட்டுக்கொடுத்தேன். பிறகு முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கோவிக்கக் கூடாது. சனம் ஞாயிற்றுக்கிழமையிலை குடும்பமா வாறது மனம் ஆறிப் போக. பொம்பிளை வீட்டை விட்டுப் போறதோடை முடிச்சா ஆர் கைதட்டுவான்? போகட்டும். வெளியிலை நிண்டு யோசிக்கட்டும். புல்லாங்குழல் ஒண்டு போடுவம். பிறகு கதவைத் திறந்து வந்து, 'என்ரை கோவம் ஆறீட்டுது' எண்டு சொல்லட்டும்."

எனக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. இந்த வேலையை முன்பே ஒருதரம் பார்த்துவிட்டார்கள் என்றேன். ஜெர்மனியில் அந்தக் காலத்திலேயே ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நடிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வேறு யாரும் கண்டபடி மாற்றுவதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று, எழுதியவரே மனமில்லாமல் இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் அவள் போகமாட்டாள். அது நாடகத்துக்குச் செய்த கொடுமை என்று அவரே பிறகு நொந்துகொண்டார்.

சொல்லி முடிக்கவில்லை, சிவபாதம் துள்ளி எழும்பினார். "பாத்தியளே! எழுதின மனிசனே மாத்தியிருக்கிறார்! பிறகு எங்களுக்கென்ன?"

எல்லோரும் தலையாட்டினார்கள். யோகன் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினான். என் வாயால் நானே கெட்டேன். இதற்கு மேல் சண்டைபிடிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. எப்படியாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தேன். நளாயினி கதிரைகளை மடித்து அடுக்கினாள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. யோகன் இன்னும் வேலையால் வரவில்லை. பாற்சொதி கொதித்துக்கொண்டிருந்தது, அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் விட்டனீங்கள்?"

"நான் சொன்னால் ஆர் கேக்கினம், பிள்ளை? களைச்சுப் போனன்."

"நானும்தான் களைச்சுப் போனன். அதுக்காக விடுறதே?" கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "திரும்பி வந்தா, அதுக்கு முதல் அவ இருந்து கதைச்சது முழுக்க, சும்மா கோவத்திலை கதைச்சதாப் போயிடும். விளங்குதே உங்களுக்கு? ஒரு நல்ல சொல்லுச் சொல்லிப் போட்டு, அது பகிடிக்கு எண்டு சொல்லுற மாதிரி."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்தப் பிரதியோடு எத்தனை வருடம் கிடந்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக என்னால் அதைச் சொல்ல முடிந்ததில்லை.

"இந்த நாலு வருசத்திலை இவரோடை ஆறுதலா இருந்து கதைச்சது அந்தக் காட்சியிலைதான், அண்ணை. வசனம் எண்டாலும், இருந்து கேக்கிறார். எனக்கு அது முழுசா வேணும். ஒரு நாளைக்கு, மேடையிலை, ஒருக்காப் போகவேணும். பிறகு வீட்டை வந்து சமைப்பன்."

யோகன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். உடம்பு முழுக்கப் பாண் வாசம். "என்ன கதை?" என்றான். "ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ," என்றாள் அவள்.

மத்தியானம் மண்டபத்தைப் பார்க்கப் போனோம். ஒரு பள்ளிக்கூட மண்டபம். நளாயினி முன்னமே சிவபாதத்தோடு போய்விட்டாள், யோகன் தன் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தான். ஹீற்றர் பாதிதான் வேலை செய்தது, காலுக்குச் சூடு, முகத்துக்குக் குளிர். நான் கேட்காமலே அவன் பேச்சைத் தொடக்கினான்.

"அண்ணை, நீங்கள் என்னை ஒரு மாதிரி நினைக்கக் கூடாது. போன வருசம் ஒரு நாடகத்திலை குடிகாரனா நடிச்சன். நல்லா நடிச்சுப் போட்டன், அதுதான் பிழை. அதுக்குப் பிறகு கோயில்லை ஐயர் கையைப் பிடிச்சு, 'தம்பி, அதை விட்டிடும்' எண்டவர். கடையிலை மனிசிமார் இவவைப் பாத்து உச்சுக் கொட்டினம். ஒரு சொட்டுக் குடிச்சறியன். எங்கடை சனம் நாடகத்தை நாடகமாப் பாக்காது. இவ இப்ப மேடையிலை என்னை விட்டிட்டுப் போனா, திங்கக்கிழமை நான் மனிசி விட்டிட்டுப் போனவன்."

ரெக்ஸ்டேலில் கேட்டது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவன் கண்ணாடியைத் துடைத்தான். "உண்மையா அவ போனாலும் எனக்கு உடனை தெரியவராது, அண்ணை. நான் வரேக்கை அவ வேலைக்குப் போயிட்டா எண்டு நினைச்சுப் படுத்திடுவன்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. எனக்கு அவன்மேல் இருந்த எரிச்சல் அந்த இடத்தில் போய்விட்டது.

மண்டபத்தில் நிசாம் வேலையில் நின்றார். அக்கரைப்பற்றுக்காரர், இங்கே தச்சு வேலை செய்கிறார், மன்றத்துக்கு மேடை அடிப்பதும் அவர்தான். மேடையில் வீட்டுக் கதவுக்காகப் பலகையில் ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். சாத்தினால் சுவரோடு சேர்ந்து முழு வீடும் ஆடியது. மேடையின் ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், பள்ளிக்கூடத்தின் உண்மையான கதவொன்று இருந்தது. கனமான இரும்புக் கதவு, தள்ளினால் நேரே கார் நிறுத்துமிடத்துக்குத் திறக்கும்.

"இதையே எடுப்பம்," என்றார் சிவபாதம். "சத்தம் நல்லா வரும்."

"வெளியால இருந்து திறக்க ஏலாது அண்ணே, கைபிடி இல்ல," என்றார் நிசாம். "சாத்திட்டா வெளியிலதான். ஒரு கட்டை வைச்சு விடுறன். கதவு முட்டிக்கொண்டு நிக்கும், தங்கச்சி இழுத்துக்கொண்டு உள்ளுக்கு வரலாம்."

கட்டை வைத்துப் பார்த்தார்கள். நளாயினி போனாள், புல்லாங்குழல் ஒலித்தது, நளாயினி வந்தாள். "என்ரை கோவம் ஆறீட்டுது," என்றாள். சிவபாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த வசனத்தைக் கேட்கப் பல்லைக் கடிக்கவேண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் தொடங்கும் என்று போட்டிருந்த விழா, தமிழருக்கே உரிய கணக்கில் தொடங்கியது. விளக்கேற்றினார்கள். இறந்தவர்களுக்கு எழுந்து நின்று அகவணக்கம் செய்தார்கள். சேலைக்கடை முதலாளி ஒருவர் பிரதம விருந்தினராகப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எனக்கும் பொன்னாடை போர்த்தி, நோர்வே நாடு தந்த பேரறிஞர் என்றார்கள். ஒஸ்லோவில் ஒரு பாலர் பாடசாலையைக் கூட்டித் துடைக்கிறவன் நான். நோர்வே எனக்குத் தந்ததுதான் அந்தத் தும்புத்தடி. கும்பிட்டுவிட்டு இறங்கி, பிரதியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

மண்டபம் நிறைந்துதான் இருந்தது. முன்வரிசையில் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸின் வாசம். தொதல் தின்னும் காட்சிக்கு நல்ல சிரிப்பு. நடனம் வந்தபோது தகப்பன்மார் வீடியோக் கமராவோடு மேடைக்குக் கீழே குவிந்துவிட்டார்கள். அது முடிந்ததும் பாதிப் பேர் எழும்பிப் போவார்கள் என்று பயந்தேன். போகவில்லை. நளாயினி அவர்களைப் போகவிடவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அவள் யோகனுக்குக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். தானும் எதிரே இருந்தாள். மேலே தொங்கவிட்ட மைக்குகளில் அவள் மூச்சுக்கூடக் கேட்டது. அவள் சத்தம் போடவில்லை. ஒருநாள் மத்தியானம் வீட்டில் இருந்து கதைப்பதுபோலத்தான் கதைத்தாள். யோகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் அவனுக்கு வசனம் வரவேண்டும், வரவில்லை. நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவன் திடுக்கிட்டு அதைச் சொன்னான். மறந்ததால் அல்ல, கேட்டுக்கொண்டிருந்ததால் என்று எனக்குப் பட்டது.

அவள் எழுந்தாள். ஒத்திகையில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விடுவாள். இன்றைக்கு மேடை மூலையில் இருந்து தன்னுடைய சொந்தக் குளிர் ஜக்கெற்றை எடுத்தாள். பிரதியில் இல்லாத வேலை. குளிர் நாட்டில் கோபித்துக்கொண்டு சட்டென்று வெளியே போக முடியாது. அவள் குனிந்து பூட்ஸை மாட்டினாள், ஒவ்வொரு கயிறாக இறுக்கிக் கட்டினாள். ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். கம்பளித் தொப்பி. பிறகு கையுறை, ஒன்று, மற்றது. மண்டபத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. இந்தச் சனம் தினமும் காலையில் செய்கிற வேலை அது. இவ்வளவு பயமாக அதை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே காலை வைத்தாள். நிசாமின் கட்டை நிலத்தில் தயாராகக் கிடந்தது. பூட்ஸ் நுனியால் அதைப் பனிக்குள் தள்ளிவிட்டாள். நான் பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது. அந்த இரும்புச் சத்தம் என் நெஞ்சுக்குள் விழுந்தது.

புல்லாங்குழல் ஒலித்தது. அவள் வரவில்லை. வாசித்தவர் சிவபாதத்தைப் பார்த்தார், சிவபாதம் கையைச் சுழற்ற, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அவள் வரவில்லை. "கதவு பூட்டீட்டுது! கதவு!" என்று சிவபாதம் திரைக்குப் பின்னால் இருந்து கிசுகிசுத்தார். அது மைக்கில் விழுந்து கடைசி வரிசைவரை கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே யாரும் தட்டவுமில்லை.

யோகன் கதிரையிலேயே இருந்தான். ஏதாவது எடுத்துக் கொடு என்று என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த பிரதியில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. சிவபாதம் புது முடிவை எழுதிவைத்திருந்த தாளை நான் வாங்கவே இல்லை.

கடைசியில் அவன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினான். கார் நிறுத்துமிடத்து விளக்கின் வெளிச்சமும் குளிரும் மேடைக்குள் வந்தன. நளாயினி அங்கேயே நின்றாள், கைகளை ஜக்கெற் பைக்குள் விட்டபடி.

"உள்ளுக்கு வாருமப்பா," என்றான் அவன் தாழ்ந்த குரலில். மைக் அதையும் விடவில்லை. "சனம் பாத்துக்கொண்டிருக்கு."

"நாடகம் முடிஞ்சுதே?"

"என்ன?"

"முடிஞ்சுதெண்டா வாறன். முடியேல்லை எண்டா இப்பிடியே நிக்கிறன்." அவள் குரலில் கோபம் இல்லை. "அவைக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ. குளிருது."

ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். அவளைப் பார்த்தான். மண்டபத்தைப் பார்த்தான். கோயில் ஐயர் இருந்தார், கடைக்காரர் இருந்தார், உச்சுக் கொட்டிய பெண்கள் இருந்தார்கள். இந்த நகரத்தில் அவனுக்குத் தெரிந்த அத்தனை முகமும் அங்கே இருந்தது. இவன் இனி எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அப்படிச் செய்தால் அவனை நான் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன்.

அவன் சபைப் பக்கம் திரும்பினான். 

"அவ போயிட்டா," என்றான். "நாடகம் முடிஞ்சுது."